வீடு கைமாறும் விதம்: சிங்கப்பூர் விகிதமும் இராமநாதபுரம் கடற்கரைத் தெருக்களும்

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று சாயல்குடி வரை நீளும் கரையில் ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், அங்கே யார் அதிகம் என்று இந்தப் பக்கத்துக்காரர் சொல்லிவிடுவார். ஊருக்குள் நுழைந்தால் தெருவே சொல்லும். பள்ளிவாசலைச் சுற்றி ஒரு குடியிருப்பு, மாதா கோயிலைச் சுற்றி இன்னொன்று, அம்மன் கோயிலை ஒட்டி வேறொன்று. இவை எல்லாவற்றையும் தாண்டி, கண்மாய்க் கரையிலோ உவர் மண்ணிலோ ஆதிதிராவிடர் குடியிருப்பு. தபால்காரருக்குக் கதவு எண் தேவைப்படுவதில்லை. தெருவும் தகப்பன் பெயரும் இருந்தால் கடிதம் போய்ச் சேர்ந்துவிடும்.

இதே கரைக்கு நல்லிணக்கக் கதைகளும் நிறைய உண்டு, அவை பொய்யும் இல்லை. கிழவன் சேதுபதியும் சீதக்காதி மரைக்காயரும் கொண்டிருந்த நட்பை இன்றும் பேசுகிறோம். ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு எல்லாச் சமயத்தாரும் வருகிறார்கள். ஓரியூரில் பாதிரியார் அருளானந்தர் கொலையுண்ட இடத்துச் செம்மண்ணை நெற்றியில் இட்டுக்கொள்கிறவர்களில் கிறித்தவர் அல்லாதவர்களும் உண்டு. இராமேசுவரத்தில் அப்துல் கலாமின் தந்தை ஜைனுலாப்தீனும் கோயில் அர்ச்சகர் பட்சி லட்சுமண சாஸ்திரியும் அணுக்க நண்பர்களாக இருந்தார்கள். பள்ளியில் கலாமைப் பின்வரிசைக்கு அனுப்பிய ஆசிரியரைக் கூப்பிட்டுக் கண்டித்தவர் அந்த சாஸ்திரிதான்.

ஆனால் கலாமின் வீடு பள்ளிவாசல் தெருவில் இருந்தது, சாஸ்திரியின் வீடு கோயிலைச் சுற்றிய தெருக்களில் இருந்தது. நட்பு இரண்டு தெருவுக்கும் நடந்து போய் வந்தது, குடி மாறவில்லை. மீன் ஏலம், வத்தல் வியாபாரம், ஆஸ்பத்திரி வரிசை, பஸ், திருவிழா எல்லாவற்றிலும் இந்தக் கரை கலந்துதான் கிடக்கிறது. பொழுது சாய்ந்தால் அவரவர் தெரு. பகல் நேரத்து நல்லுறவு எத்தனை நூற்றாண்டு நீடித்தாலும் இரவு நேரத்து வரைபடத்தைத் தொடவில்லை. இந்த ஆய்வு எழுதத் தொடங்கியதற்கு அதுதான் காரணம்.

அந்த வரைபடத்தைச் சட்டம் போட்டு மாற்றிய ஒரு நாடு இருக்கிறது. கீழக்கரையிலும் தொண்டியிலும் இராமநாதபுரத்திலும் எத்தனையோ குடும்பங்களுக்கு அது தெரிந்த நாடுதான். அங்கே என்ன செய்தார்கள், அதில் யாருக்கு நன்மை, யாருக்கு இழப்பு, நம் கரைக்கு அதில் எது பொருந்தும் என்பதைப் பார்க்கலாம்.

சிங்கப்பூர் முதலில் பிரிக்கப்பட்டது

சிங்கப்பூரில் இன வாரியாகக் குடியிருந்தது தானாக நேர்ந்ததில்லை. 1822-இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம் சீனருக்கு ஓர் இடம், ஐரோப்பியருக்கு ஓர் இடம், மலாய் மக்களுக்கும் அரபியருக்கும் கம்போங் கிளாம் பக்கம் என்று கோடு கிழித்தது. ஆற்றோரத்தில் 'சூலியா கம்போங்' (கம்போங் என்றால் மலாய் மொழியில் குடியிருப்பு) என்றும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. சூலியா என்று அவர்கள் குறித்தது சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்களை. 1826-இல் நிறுவப்பட்ட ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் இன்றும் அந்த நகரில் இருக்கிறது. நம் கரையின் பெரியவர்கள் அந்த நாட்டில் இறங்கியபோதே அவர்களுக்கென்று தனித் தெரு காத்திருந்தது.

அந்தக் கோடுகளுக்கு என்ன விலை என்பது 1964-இல் தெரிந்தது. ஜூலை 21 அன்று மீலாது ஊர்வலத்தில் வெடித்த மலாய்–சீனர் கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள். செப்டம்பரில் மறுபடி வெடித்து 13 பேர் இறந்தார்கள். எந்தக் கம்போங்கில் யார் இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தால், கூட்டமாகக் கிளம்புகிறவனுக்கு வழி கேட்க வேண்டியிருக்காது. 1957 முதுகுளத்தூர் கலவரத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு இது புரியும். ஒடுக்கப்பட்டோர் தலைவர் இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் கொல்லப்பட்டதைத் தொடர்ந்த நாட்களில் எரிக்கப்பட்டவை தனித்தனி வீடுகள் மட்டும் இல்லை, தெருத் தெருவாக எரிந்தன. ஆளைத் தெரியாதவனுக்கும் தெரு தெரிந்திருந்தது.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், சிங்கப்பூர்த் தமிழர் வாயில் 'வீவக', 1960-இல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே புக்கிட் ஹோ ஸ்வீ குடிசைப் பகுதித் தீயில் சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். அதன்பின் கட்டுமானம் வேகம் எடுத்தது. கம்போங்குகளைக் காலி செய்து மக்களை அடுக்ககங்களுக்கு மாற்றினார்கள். புது வீடு அரசிடமிருந்து நேராகக் கிடைத்ததால் எல்லா இனமும் கலந்தே குடியேறியது. 1971-இல் அந்த வீட்டைச் சந்தையில் மறுவிற்பனை செய்யலாம் என்று அனுமதித்தார்கள். அங்கிருந்துதான் விஷயம் திரும்பியது. விற்பதும் வாங்குவதும் மக்கள் கையில் வந்ததும், பதினைந்து இருபது ஆண்டுகளில் பெடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க் குடும்பங்களும் ஹவ்காங் பக்கம் சீனக் குடும்பங்களும் மெல்ல மெல்லத் திரண்டன. யாரும் யாரையும் விரட்டவில்லை. அக்காள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீடு, பள்ளிவாசலுக்குக் கிட்டத்தில் ஒரு வீடு என்று பார்த்துப் பார்த்து வாங்கினார்கள், அவ்வளவுதான்.

தாமஸ் ஷெல்லிங் என்ற பொருளியலாளர் 1971-இல் இதைக் கட்டங்கள் போட்ட பலகையில் காசுகளை நகர்த்தியே காட்டினார். 'என் அண்டை வீடுகளில் மூன்றில் ஒரு பங்காவது என் ஆட்களாக இருந்தால் சரி' என்று மட்டும் ஒவ்வொருவரும் நினைத்தால் போதும். வெறுப்பே வேண்டாம். சில சுற்று நகர்வுகளிலேயே பலகை இரண்டு நிறத் திட்டுகளாகப் பிரிந்துவிடும். இராமநாதபுரம் கரையில் இதற்குப் பலகை தேவையில்லை. கீழக்கரையில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மகளுக்குக் கட்டும் வீட்டைத் தாய் வீட்டுக்கு அடுத்த மனையில் கட்டுவார்கள், அவள் மகளுக்கு அதற்கு அடுத்தது. நான்கு தலைமுறையில் ஒரு தெரு முழுவதும் ஒரே கொடி வழியாகிவிடும். மற்ற ஊர்களில் மனை விற்பதென்றால் முதலில் பங்காளியைக் கேட்க வேண்டும். அவருக்கு வேண்டாமென்றால் தெருக்காரர், அவருக்கும் வேண்டாமென்றால்தான் தரகர். இதில் எந்தப் படியிலும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் கடைசியில் நிற்பது பூட்டிய தெரு.

1989 விதி

1989-இல் தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன் இன ஒருங்கிணைப்புக் கொள்கையை அறிவித்தார். மார்ச் 1 முதல் நடைமுறை. ஒவ்வொரு வட்டாரத்திலும், ஒவ்வொரு புளோக்கிலும் (தனி அடுக்ககக் கட்டடத்திலும்) எந்த இனம் எவ்வளவு வரை இருக்கலாம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். சீனர் வட்டாரத்தில் 84 விழுக்காடு, புளோக்கில் 87. மலாய் மக்கள் 22, 25. இந்தியரும் பிறரும் 10, 13. இந்தக் கடைசிக் கணக்கை 2010-இல் 12, 15 என்று உயர்த்தினார்கள்.

புளோக் வரம்புகளைக் கூட்டிப் பார்த்தால் நூறைத் தாண்டும். எந்த இனத்துக்கும் இத்தனை வீடு என்று ஒதுக்கி வைக்காமல், இதற்கு மேல் போகாதே என்று மட்டும் சொல்வதால் அப்படி. வரம்பைத் தொடாத வரை சந்தை தன்போக்கில் ஓடும். தொட்டுவிட்டால், அந்த இனத்தவர் அந்தப் புளோக்கில் வீடு வாங்க வேண்டுமென்றால் அதே இனத்தவரிடமிருந்துதான் வாங்க வேண்டும். அப்போது எண்ணிக்கை மாறாது. வேறு இனத்தவர் தன் வீட்டை அவர்களுக்கு விற்க முடியாது. அரசு முதலில் வீடு கொடுக்கும்போது மட்டுமின்றி ஒவ்வொரு மறுவிற்பனையிலும் இந்தக் கணக்கு பார்க்கப்படுகிறது. இந்தக் கொள்கையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பதைக் கீழக்கரைக் காக்கா (அங்கே முஸ்லிம்கள் அண்ணனை, மூத்தவரை அழைக்கும் சொல்) ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்று, பிள்ளைகளை அங்கேயே நிலைக்க வைத்துவிட்டு, வயதான காலத்தில் ஊரோடு இருக்க வந்திருப்பவர். ஜூரோங் வெஸ்ட்டில் இருந்த நான்கறை வீட்டை விற்றுவிட்டு வந்தார்.

"புளோக்குல சீனர் கோட்டா ரொம்பிப் போச்சுன்னு ஏஜெண்ட் சொல்லிட்டாரு தம்பி. வீடு பாக்க வர்றேன்னு போன் போட்டவங்கள்ல பாதிக்கு மேல சீனவங்க. ஒவ்வொருத்தருக்கும் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுது. மலாய்க் குடும்பம் ஒண்ணும் நம்ம தமிழாளு ஒருத்தரும் வந்து பாத்தாங்க. ரெண்டு பேருக்குந் தெரியும் எனக்கு வேற ஆளு கெடையாதுன்னு. அப்புறம் எப்படி வெல ஏறும்?"

பல மாதம் காத்திருந்து, அதே மாடியில் ஒரு சீனர் விற்ற விலைக்குக் குறைவாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அந்தச் சீனர் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம், தன் இனத்தவருக்கும் சேர்த்து. நாட்டில் நான்கில் மூன்று பேர் சீனர் என்றால் வாங்குகிறவர்களிலும் பெரும்பாலோர் அவர்களாகத்தான் இருப்பார்கள். கலந்து வாழ்வதற்கான செலவைச் சிறுபான்மையினரே அதிகம் கொடுக்கிறார்கள் என்ற குறை அந்த நாட்டிலேயே நெடுநாள் பேசப்பட்டது. 2021-இல் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி இதை எழுப்பியது. 2022-இல், நெடுநாள் குடியிருந்து, முயன்றும் விற்க முடியாமல் தவிக்கும் உரிமையாளரின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ள வழி செய்தார்கள். முப்பது ஆண்டு கழித்து வந்த வழி. சிறுபான்மையினருக்கு இழப்பு வரும் என்பது விதி எழுதிய நாளிலேயே கணக்குப் போட்டால் தெரிந்திருக்கும். அன்றே அந்த இழப்பை அரசு ஏற்றிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

காக்கா விலையைப் பற்றிச் சொல்லிவிட்டு அதோடு நிறுத்தவில்லை. புளோக்கின் கீழ்த்தளம் சுவரில்லாமல் திறந்து கிடக்கும். சனிக்கிழமை அங்கே மலாய்க் கல்யாணம் நடக்கும், வேறொரு நாள் சீனர் வீட்டுத் துக்கம், கூடாரம் போட்டு நாட்கணக்கில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் நடந்துதான் லிஃப்டுக்குப் போக வேண்டும். எதிர் வீட்டுச் சீன அம்மா புத்தாண்டுக்கு ஆரஞ்சும் மூடி பிரிக்காத பிஸ்கட் டின்னும் கொண்டுவந்து கொடுப்பாராம். ஹலால் பார்க்கும் இவர்கள் தன் அடுப்பில் செய்ததைத் தொடமாட்டார்கள் என்பது யாரும் சொல்லித் தராமலே அவருக்குத் தெரிந்திருந்தது. "நோன்புக் கஞ்சி குடுத்தா அந்த அம்மா பாத்திரத்தக் கழுவி, வெறும் பாத்திரமாத் திருப்பித் தராது. ரெண்டு பழமாச்சும் போட்டுத்தான் தரும்" என்றார். பதினெட்டு ஆண்டு எதிரெதிர்க் கதவு. அரசு அந்தக் கதவுகளை எதிரெதிரே வைத்தது. பழம் போட்டது அந்த அம்மா.

ஊர் திரும்பிய பிறகு நடந்ததைக் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். மகளுக்காக இராமநாதபுரம் டவுனை ஒட்டிய புது மனைப் பிரிவில் ஒரு பிளாட் கேட்டிருக்கிறார். விலை ஒத்து வந்தது, பத்திரமும் சுத்தம். தரகர் பெயரைக் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "அந்தப் பக்கம் ஒங்க ஆளுக யாருமே இல்லையே காக்கா. ஒங்களுக்கே சரிப்படாது." மறுப்பதை அக்கறை மாதிரிச் சொல்வது நம் ஊரின் வழக்கம். வாடகை வீடு தேடுகிறவர்கள் எல்லோரும் அந்தக் குரலைக் கேட்டிருப்பார்கள். 'நீங்க எந்தப் பக்கம்?', 'சைவமா?', 'பூர்வீகம் எது?' என்று கேள்வி சுற்றி வளைத்து வரும். பதில் பிடிக்காவிட்டால் வீடு நேற்றே பேசி முடிந்துபோயிருக்கும். வேளாண் தொழிலாளி வீட்டில் பிறந்து ஆசிரியராகி டவுனுக்கு மாற்றலாகி வந்தவர்களுக்கு இது இன்னும் கடுமையாக நடக்கிறது. அவர்களிடம் சம்பளச் சீட்டைக் கேட்பதற்கு முன்னால் தெருவைக் கேட்கிறார்கள்.

"சரி காக்கா, ஒங்க தெருவுல வேற ஆளுக்கு வீடு குடுப்பீங்களா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "நான் குடுப்பேன். ஜமாஅத்துல கேப்பாங்க. அண்ணந் தம்பி கேப்பாங்க. பதில் சொல்லி மாளாது தம்பி" என்றார். ஒளிக்காமல் சொன்ன பதில். கதவு இரண்டு பக்கமிருந்தும் பூட்டியிருக்கிறது. ஆனால் இரண்டு பக்கத்துக்கும் பலம் ஒன்றில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். ஒருவர் பாதுகாப்புக்காகத் தன் தெருவுக்குள் சுருங்குகிறார், மற்றவர் ஊரின் நடுவில் இருந்துகொண்டு வராதே என்கிறார்.

அந்த விதி தொடாத இடங்கள்

சிங்கப்பூரை அப்படியே புகழ்ந்துவிட்டுப் போக முடியாது, அதுவும் இந்தக் கரையிலிருந்து எழுதும்போது. விகிதமெல்லாம் வீவக வீடுகளுக்குத்தான். தனியார் அடுக்ககங்களுக்குக் கிடையாது. வாடகைக்கு ஆள் தேடும் விளம்பரங்களில் 'இந்தியர் வேண்டாம்' என்ற வரி பல ஆண்டு பகிரங்கமாகவே வந்துகொண்டிருந்தது.

அதைவிடப் பெரிய விலக்கு நம் பையன்களைப் பற்றியது. கட்டுமான வேலைக்கு வொர்க் பெர்மிட்டில் இங்கிருந்து போகிறவர்கள் வீவக வீட்டில் வாடகைக்குக் குடியிருக்க முடியாது. அவர்களுக்கு ஊர் ஓரத்துத் தங்கும் விடுதிகள், அறைக்கு இரட்டை அடுக்குக் கட்டில்கள். 2020-இல் கொரோனா அந்த விடுதிகளில்தான் காட்டுத்தீயாகப் பரவியது. அந்த ஆண்டு சிங்கப்பூரின் தொற்றில் மிகப் பெரும்பகுதி அங்கே பதிவானது. 2008-இல் செராங்கூன் கார்டன் பகுதியில் தொழிலாளர் விடுதி வரப்போகிறது என்றதும் அங்கே குடியிருந்தவர்கள் எதிர்த்து மனு கொடுத்தார்கள். விடுதி வந்தது, ஆனால் போகவர அவர்களுக்கென்று தனிச் சாலை போடப்பட்டது. தனிச் சாலை என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரே கரையிலிருந்து போன இரண்டு பேரில் ஒருவர் எல்லா இனமும் கலந்த மாடியில் வாழ்ந்து திரும்புகிறார், இன்னொருவர் இரண்டு வருடம் அந்த நாட்டில் இருந்தும் ஒரு சிங்கப்பூர்க் குடும்பத்தின் வாசலைக்கூடப் பார்க்காமல் திரும்புகிறார். சட்டம் யாரைத் தன் சமூகம் என்று எண்ணுகிறதோ அவர்களைத்தான் கலக்கிறது.

நம் அரசு வீடு எங்கே எழுகிறது

இப்போது நம் பக்கம். தமிழ்நாட்டில் ஏழைக்கு அரசு வீடு கொடுக்கும் வழக்கம் பழையது. இந்திரா நினைவுக் குடியிருப்பு, பசுமை வீடு, பிரதமர் வீடு, 2024-இல் வந்த கலைஞர் கனவு இல்லம். கடைசியில் சொன்ன திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். குடிசையில் ஒழுகும் கூரைக்குக் கீழே படுத்தவர்களுக்கு இது எத்தனை பெரிய விஷயம் என்று மழைக்காலத்தில் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை.

ஆனால் இந்தத் திட்டங்கள் ஓடும் முறையைக் கவனியுங்கள். பயனாளிக்குச் சொந்தமாக மனை இருக்க வேண்டும், பட்டா இருக்க வேண்டும். பணம் அந்த மனைக்கு வரும், வீடு அந்த மனையில் எழும். அந்த மனையோ பாட்டன் காலத்தில் எந்தத் தெருவில் அவருக்கு இடம் விடப்பட்டதோ அங்கே இருக்கும். மனை இல்லாதவர்களுக்கு ஆதிதிராவிடர் நலத்துறை 1978 சட்டத்தின் கீழ் நிலம் எடுத்துக் கொடுத்தது. அந்த நிலம் பெரும்பாலும் பழைய சேரியை ஒட்டியோ ஊருக்கு இன்னும் வெளியிலோ அமைந்தது, அதில் குடியேறியவர்கள் எல்லோரும் ஒரே பிரிவினர். கடலோரத்தில் மீனவர் வீடுகள் என்று கட்டினால் மீனவர் மட்டும். ஓலைக் குடிசை கான்கிரீட் ஆனது, வரைபடமும் அதோடு சேர்ந்து கான்கிரீட் ஆனது. ஒவ்வொரு துறையும் தன் பயனாளிக்கு நல்லது செய்தது. எல்லாம் சேர்ந்து என்ன ஊரைக் கட்டுகிறோம் என்று எந்தத் துறையின் கோப்பிலும் கேட்கப்படவில்லை.

கேட்ட ஒரே திட்டம் சமத்துவபுரம். தென்மாவட்டச் சாதிக் கலவரங்களுக்குப் பின், 1997-இல் மு. கருணாநிதி ஆட்சியில் இந்தத் திட்டம் வந்தது, மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதலாவது அமைந்தது. நூறு வீடு: ஆதிதிராவிடர் 40, பிற்படுத்தப்பட்டோர் 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 25, மற்றவர் 10. வீடுகளை வரிசையில் கலந்து ஒதுக்கினார்கள். பொதுச் சமுதாயக்கூடம், பொதுச் சுடுகாடு. இங்கே நிலத்தையும் வீட்டையும் சேர்த்து அரசு கொடுத்தது. அதனால்தான் கலக்க முடிந்தது. வீவகவின் முதல் இருபது ஆண்டு ரகசியமும் இதுவே. சிங்கப்பூரில் நிலத்தில் பெரும்பகுதி அரசின் கையில் இருக்கிறது. நமக்கு அது கிடையாது. ஆனாலும் அரசு நிலத்தில் அரசு வீடு கட்டும் இடங்கள் இங்கேயும் இருக்கின்றன.

சமத்துவபுரத்தின் குறை விகிதத்தில் இல்லை. முதல் நாள் பட்டியலோடு அந்த விகிதம் முடிந்துவிடுகிறது என்பதில் இருக்கிறது. சாவி கொடுத்த நாளில் 40, 25, 25, 10. அதற்குப் பிறகு ஒருவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விடுகிறார், ஒருவர் வீட்டைச் சொந்தக்காரருக்கு விட்டுவிடுகிறார், ஒருவர் வாய்மொழியாக விலை பேசி ஒப்படைத்துவிடுகிறார். ஒவ்வொரு கைமாற்றத்திலும் கணக்குப் பார்க்கும் ஏற்பாடு இல்லாத இடத்தில் ஷெல்லிங்கின் பலகை மெல்ல வேலை செய்யும். சிங்கப்பூருக்கு 1971-க்கும் 1989-க்கும் இடையில் நடந்தது அதுதான். தவிர, நூறு வீடு ஒரு தனி ஊராக, பெரும்பாலும் மற்ற ஊர்களிலிருந்து தள்ளி நிற்கிறது. கலப்பு என்பதே ஒரு தனிக் காலனி ஆகிவிட்டால் சுற்றியுள்ள ஊர்கள் முன்பு போலவே இருந்துவிடும்.

மீனவர் பக்கத்து நியாயம்

இந்தக் கரையில் இதைப் பேசினால் முதலில் எதிர்க்கேள்வி வருவது கடலோரத் தெருவிலிருந்துதான், அது சரியான கேள்வியும்கூட. பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ விடிவதற்கு முன் கடலுக்குப் போகிறவருக்கு வள்ளம் கண்ணில் படும் தூரத்தில் வீடு வேண்டும். காற்று திரும்பினால் ஓடிப்போய் இழுத்துக் கட்ட வேண்டும். வலை உலர்த்த வெளி வேண்டும். கரை இறங்கிய மீனை ஏலம் போடவும் வாங்கி விற்கவும் பெண்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒருவர் கரை திரும்பவில்லை என்றால் தெருவே எழுந்து தேடும். அந்தத் தெருவைக் கலைத்து மூன்று கிலோமீட்டர் உள்ளே அடுக்ககத்தில் வைத்தால் தொழில் போய்விடும். விகிதம் என்ற பெயரில் கடலோர நிலத்தை மீனவரிடமிருந்து எடுக்க நினைப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையிலிருந்து ஒரு வரிகூட உதவக் கூடாது.

அதனால் சேர்ந்து வாழ்வது எப்போது பிரிவினை ஆகிறது என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். என்னுடையது இது: அந்தத் தெருவில் பிறந்தவர் வேறு தெருவில் வீடு கேட்டால் காசைப் பார்த்துக் கொடுப்பார்களா? கொடுப்பார்கள் என்றால், அவர் தன் தெருவிலேயே இருப்பது அவர் விருப்பம், அதில் யாருக்கும் பேச்சில்லை. கொடுக்கமாட்டார்கள் என்றால், அவர் எவ்வளவு சந்தோஷமாக அங்கே இருந்தாலும் அது அடைப்புதான். மீனவர் மகள் நர்ஸ் படித்து டவுனில் வாடகைக்கு வீடு தேடும்போது இந்த அளவுகோல் உண்மையைச் சொல்லிவிடும்.

இந்த அளவுகோலை வைத்தால் மண்டபம் முகாமும் கணக்கில் வரும். ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளரை நோய்ச் சோதனைக்காக நிறுத்தி வைத்த இடம் அது. 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் திரும்பி வந்தவர்களும் 1983-க்குப் பின் போருக்குத் தப்பி வந்தவர்களும் அங்கேதான் இறங்கினார்கள். பேசும் மொழி ஒன்று, கும்பிடும் சாமி ஒன்று, இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனாலும் முகவரி முகாம். 2021-இல் தமிழ்நாடு அரசு இதை மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, மாநிலமெங்கும் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அறிவித்தது. நல்ல வீடு தேவைதான். அந்த வீடுகள் முகாமுக்குள்ளேயே எழும்போது, குடியுரிமையும் இல்லாதபோது, வெளியே போய் ஒரு தெருவில் ஒருவராக வாழும் வழி திறப்பதில்லை.

எதை எடுத்துக்கொள்ளலாம்

சொந்தப் பட்டா நிலத்தில் யார் யாருக்கு விற்க வேண்டும் என்று சிங்கப்பூர் மாதிரி இங்கே சட்டம் போட முடியும் என்று நான் நினைக்கவில்லை, போட வேண்டும் என்றும் சொல்லவில்லை. அங்கே நான்கு இனம், அடையாள அட்டையில் எழுதியிருக்கும். இங்கே ஒரு தெருவைப் பிரித்தாலே ஏழு பிரிவு வரும். ஆனால் அரசின் கை நேராகப் படும் இடங்கள் மூன்று இருக்கின்றன, மூன்றிலும் இன்றே தொடங்கலாம்.

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் கட்டும் அடுக்ககங்கள் முதலாவது. இராமநாதபுரம், கீழக்கரை, இராமேசுவரம் போன்ற நகர்களில் வாரியம் கட்டும்போது ஒரே குடியிருப்பிலிருந்து வந்தவர்களை ஒரே பிளாக்கில் போடாமல், மாடி வாரியாகக் கலந்து குலுக்கல் போடலாம். வீடு கைமாறும்போதும் வாரியத்தின் வழியாக, அதே கணக்குப்படி மாற வேண்டும். அப்படி மாறும்போது விற்கிறவருக்கு விலை குறைந்தால் வாரியம் தானே நியாய விலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். காக்கா பட்ட இழப்பை இங்கே யாரும் படக்கூடாது.

இரண்டாவது, வருவாய்த் துறை கொடுக்கும் இலவச மனைப் பட்டா. ஒரு கிராமத்தில் புறம்போக்கைப் பிரித்து அறுபது பேருக்கு மனை கொடுக்கிறார்கள் என்றால், ஆதிதிராவிடருக்கு ஓர் இடம், மற்றவர்களுக்கு ஓர் இடம் என்று இரண்டு லேஅவுட் போடுவதற்குப் பதிலாக ஒரே லேஅவுட்டில் வரிசை எண்ணைக் கலந்து கொடுக்கலாம். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. தாசில்தார் அலுவலகத்தில் பட்டியலை இரண்டாகப் பிரிக்கும் பழக்கம் நின்றால் போதும். கூடவே அந்த மனைகள் ஊரின் பள்ளிக்கூடத்துக்கும் ரேஷன் கடைக்கும் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். ஊருக்கு வெளியே கலந்து வைத்துப் பயனில்லை.

மூன்றாவது வாடகை. அரசு ஊழியர், ஆசிரியர், செவிலியர், காவலர் என்று மாற்றலில் வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இந்த மாவட்டத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2017-இல் வாடகை ஒப்பந்தங்களைப் பதிவு செய்யச் சட்டம் வந்திருக்கிறது. சாதி, மதம் பார்த்து வாடகைக்கு மறுப்பது தவறு என்று அதில் ஒரு பிரிவு சேர்த்து, புகார் கொடுக்க ஓர் அலுவலரைக் காட்டினால், தரகரின் 'ஒங்களுக்கே சரிப்படாது' என்ற வாசகத்துக்கு முதல் தடவையாக ஒரு விலை வரும். அமெரிக்காவில் 1968-இல் வீட்டுப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்த பிறகும் தெருக்கள் ஒரே நாளில் கலந்துவிடவில்லை. ஆனால் மறுக்கப்பட்டவர் போய் நிற்க ஒரு நீதிமன்றம் அவருக்குக் கிடைத்தது.

இந்த மூன்றில் மனைப் பட்டாவைத்தான் நான் முதலில் வைப்பேன். செலவு இல்லாதது அது ஒன்றுதான். அடுத்த ஜமாபந்தியில் (ஆண்டு வருவாய்க் கணக்குத் தீர்வில்) மனை கேட்டு மனுவோடு நிற்கப் போகிறவர்களில் எல்லாத் தெருக்காரர்களும் இருப்பார்கள். அவர்கள் பெயர் ஒரே பட்டியலில் ஏறுகிறதா, இரண்டு பட்டியலில் ஏறுகிறதா என்று ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும், கிராமசபையில் தீர்மானமாகவே போட வேண்டும். லேஅவுட் வரைபடம் சர்வேயர் கையிலிருந்து வெளியே வருவதற்கு முன்னால் அது நடக்க வேண்டும். கல் ஊன்றிய பிறகு மாற்றச் சொன்னால் அலுவலகத்தில் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.